புழக்கடைப் புகையடுப்பு: எளிமை யாருக்கு?

கையாளச் சிரமமான எந்தக் கருவியும் ஒரு வீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் கருவியாக இருப்பதில்லை. முதலில் அது அலங்காரப் பொருளாகிறது. பிறகு மழைநீர் தேங்கும் பாத்திரமாகிறது. கடைசியில் பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறுகிறது. ஜவ்வாது மலையடிவாரத்தில் வீடு கட்டிக் குடியேறியிருக்கும் நண்பர் ஒருவரின் கரியடுப்பு இப்போது இரண்டாவது நிலையில் இருக்கிறது. 200 லிட்டர் இரும்பு டிரம்மை நெடுக்காகப் பிளந்து, கீல் வைத்து, நான்கு கால் பற்றவைத்த அடுப்பு அது. கோழியைப் புகையில் வேகவைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வெளியே கருகி உள்ளே வேகாத கோழிதான் அவருக்குக் கிடைத்தது. மூன்று முறை முயன்றபின் கைவிட்டுவிட்டார். 'எளிதாக ஏதாவது வழி உண்டா?' என்று கேட்டு அவர் எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, 'எளிது' என்ற அந்தச் சொல்லே விவாதத்துக்குரியதாகப் பட்டது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகையடுப்பை எளிதாக்குவது வேறு, நெருப்போடு நமக்குள்ள உறவைத் துண்டிப்பது வேறு. முன்னதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. சில ஓட்டைகளும் ஒரு கூடையும் கொஞ்சம் முன்யோசனையும் போதும். ஆனால் எளிமை என்று நாம் கொண்டாடுவது பல சமயங்களில் நம் சிரமத்தைக் கண்ணுக்குத் தெரியாத வேறொருவரின் தோளுக்கு மாற்றிவைப்பது மட்டுமே. இந்தக் கரி எங்கிருந்து வருகிறது? அதே வீட்டின் சமையலறையில் அன்றாடம் எரியும் அடுப்பு எப்படி இருக்கிறது? இந்த இரண்டையும் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமைப் புகையடுப்பைப் பற்றி மட்டும் பேசுவது அரைகுறைப் பேச்சு என்றே நினைக்கிறேன்.

* * *

புகையூட்டிய உணவு நமக்குப் புதிதல்ல என்று நிறுவ வேண்டுமென்றால், சங்க இலக்கியத்தைத் துணைக்கு அழைப்பது நம் வழக்கம். இந்த மலைப்பகுதிக்கு அந்த உரிமை கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. பத்துப்பாட்டின் மலைபடுகடாம் இந்தப் பக்கத்துப் பாட்டு. செங்கண்மா என்னும் ஊரின் தலைவன் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துவது. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். வழியிலுள்ள சிற்றூர்களில் நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் கிடைக்கும் என்று பெருங்கௌசிகனார் கூத்தருக்கு நம்பிக்கை தருகிறார். ஆனால் நெய்யில் வெந்தது நெய்யில் வெந்ததுதான். அதை வலிந்து புகையடுப்பாக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

நமக்கு நெருக்கமான சான்று பாட்டில் இல்லை, பரணில் இருக்கிறது. விறகடுப்பு எரிந்த வீடுகளில் அடுப்புக்கு நேர் மேலே உள்ள இடம் சும்மா விடப்பட்டதில்லை. விதைக்கென்று ஒதுக்கிய சோளக்கதிர், சுரைக்குடுக்கையில் அடைத்த விதை, மூங்கில் கூடை, முறம் எல்லாம் அங்கே புகையில் கறுத்துக் கிடந்தன. வண்டும் பூஞ்சையும் அண்டவில்லை. உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காய்ந்த உப்புக்கண்டத்துக்கும் அடுப்பின் மேல் ஒரு கம்பி இருந்தது. மாலத்தீவிலும் மினிக்காயிலும் சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டை போல் உலர்த்தி எடுக்கும் மாசியை ஈழத்துச் சமையலும் தூத்துக்குடிச் சமையலும் நன்றாகவே அறியும். நாகாலாந்தில் அடுப்பின் மேல் தொங்கும் பன்றியிறைச்சியும் இதே வகைதான்.

இவற்றில் மாசியை விட்டுவிட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. யாரும் புகைக்காக நெருப்பு மூட்டவில்லை. சோறு பொங்க மூட்டிய நெருப்பின் உபரியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். புழக்கடைப் புகையடுப்பு இதற்கு நேர்மாறானது. அது புகைக்காகவே, மெதுவான வெப்பத்துக்காகவே மூட்டப்படுவது. ஆகவே பரணின் வாரிசு என்று அதற்குப் பட்டம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்னொரு எச்சரிக்கையும் இங்கே தேவை. உப்புக்கண்டம் கெடாமல் இருப்பதற்கு முதற்காரணம் உப்பும் ஈரமின்மையும். புகை துணைக் காரணம் மட்டுமே. புழக்கடை அடுப்பில் சில மணி நேரம் புகையில் வெந்த இறைச்சி சமைத்த இறைச்சிதான், பதப்படுத்திய இறைச்சி அன்று. அன்றே தின்றுவிட வேண்டும், அல்லது குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

* * *

நண்பரின் அடுப்புக்கு வருகிறேன். அவருடைய முதல் சிக்கல் அடுப்பின் வடிவம். நெடுக்காகப் பிளந்த டிரம் சுட்டுத் தின்பதற்கு ஏற்றது. கரிக்கும் கறிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிதான். அங்கே வெப்பம் 250 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். புகையூட்டிச் சமைக்கத் தேவைப்படுவது 105 முதல் 135 டிகிரிதான். இந்த மிதமான வெப்பத்தில்தான் தசையைப் பிணைத்திருக்கும் கொலாஜன் பல மணி நேரத்தில் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. கடினமான ஆட்டுத்தொடை தளர்வது இப்படித்தான். அவசரப்பட்டால் தசை சுருங்கி நீரை இழக்கும், தோல் போலாகும்.

இரண்டாவது, பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒரு விஷயம். மணம் தரும் புகை கரியிலிருந்து அதிகம் வருவதில்லை. கரி என்பது புகையக்கூடியதெல்லாம் ஏற்கெனவே புகைந்து முடிந்த மரம். அது வெப்பத்துக்காக. மணத்துக்கு அதன்மேல் வைக்கும் இரண்டு மூன்று மரத்துண்டுகள் போதும். மரத்திலுள்ள லிக்னின் சிதையும்போது குவையக்கால், சிரிங்கால் முதலிய சேர்மங்கள் பிறக்கின்றன. நாம் புகைமணம் என்று சொல்வதில் பெரும்பகுதி இவைதான். துண்டு நன்றாகக் காய்ந்திருந்து காற்றும் போதுமான அளவு கிடைத்தால் புகை மெல்லியதாக, நீலம் பூத்ததாக, கண்ணுக்குச் சரியாகத் தெரியாததாக இருக்கும். வெள்ளை வெளேரென்று திரண்டு எழும் புகை படமெடுக்க அழகு, நாக்குக்குக் கசப்பு. அது அரைகுறையாக எரிந்த மரத்தின் தார்த்துளிகள்.

இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டால், அடுப்பை எளிதாக்குவது நான்கு வேலைகளை எளிதாக்குவதுதான் என்று விளங்கும். மூட்டுவது, வெப்பத்தை ஒரே நிலையில் வைப்பது, திறந்து மூடுவது, சாம்பலை அகற்றுவது.

டிரம்மைப் பிளக்காமல் செங்குத்தாகவே நிறுத்திவிடுவது நல்லது. எண்ணெயோ உணவுப்பொருளோ வந்த டிரம்தான் வேண்டும். வேதிப்பொருள் வந்தது கூடவே கூடாது. உள்ளே ஒரு பெரிய விறகு நெருப்பு மூட்டி, பழைய பூச்சு முழுவதையும் எரித்துச் சுரண்டிவிட வேண்டும். துத்தநாகம் பூசிய தகடோ கம்பியோ நெருப்புக்கு அருகில் வரக்கூடாது. அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் சுற்றிலும் மூன்று ஓட்டைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 செ.மீ. விட்டம். ஒவ்வொன்றின் மேலும் ஒரே திருகில் தொங்கும் சிறு தகடு, தள்ளினால் திறக்கவும் மூடவும். மூடியில் எட்டுச் சிறு துளைகள், அல்லது ஐந்து செ.மீ. அகலக் குழாய் ஒன்று.

இதைப் பட்டறைக்காரரிடம் விளக்கியபோது அவர் கேட்டாராம்: "சார், அடியில ஓட்டை சரி, காத்து போவணும். மூடியில எதுக்கு சார் ஓட்டை? புகையெல்லாம் வீணாப் போயிடாதா?" புகையடுப்பைப் பற்றிய மிக முக்கியமான கேள்வி இதுதான். புகையைச் சிறைப்பிடித்தால் அது கெட்டுப்போகும். கறியைத் தொட்டு, கடந்து, வெளியே போகும் புகையே மணக்கும். தேங்கி நிற்கும் புகை கறியின் மேல் தாராகப் படியும். ஆகவே மேல்துளை எப்போதும் திறந்திருக்க வேண்டும். வெப்பத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழ்த்தகடுகளின் வேலை. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் பாதிச் சிரமம் போய்விடும்.

மீதிப் பாதிக்கு ஒரு கூடை வேண்டும். கனமான கம்பிவலையில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த அகலமும் ஒரு சாண் உயரமும் கொண்ட கூடை செய்து, அதற்கு நாலு விரல் உயரக் கால் வைத்து, டிரம்முக்குள் இறக்குவது. சாம்பல் வலை வழியாகக் கீழே உதிர்ந்துவிடும், காற்றின் வழி அடைபடாது. கூடைக்குக் கைப்பிடி இருந்தால் மறுநாள் காலையில் அப்படியே தூக்கித் தட்டிவிடலாம். சுத்தம் செய்யும் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். கறி வைக்கும் கம்பித்தட்டு இந்தக் கூடையின் அடியிலிருந்து இரண்டடி மேலே இருக்கட்டும்.

மூட்டுவதற்கு மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், அந்த வாடை கறியில் ஏறும். கூடை நிறைய நெருப்புப் படாத கரியைக் கொட்டி நடுவில் ஒரு குழி செய்யுங்கள். பத்துப் பன்னிரண்டு துண்டுகளை மட்டும் தனியே கங்காக்கி அந்தக் குழியில் போட்டுவிடுங்கள். நெருப்பு நடுவிலிருந்து மெல்ல மெல்லப் பரவும். நாலைந்து கிலோ கரி ஆறேழு மணி நேரம் தாங்கும். இடையில் கரி போட வேண்டிய தேவையே எழாது. ஜிம் மினியன் என்ற அமெரிக்கப் போட்டிச் சமையல்காரர் பரப்பிய முறை இது. அவர் பெயராலேயே அங்கே அழைக்கப்படுகிறது. முழுக்கரியையும் பழுக்கவைத்துவிட்டு அதன் மேல் கறியை வைப்பதுதான் நண்பர் செய்துவந்தது. பழுத்த கரியை அடக்குவது மதம் பிடித்த யானையை அடக்குவது போல. குளிர்ந்த அடுப்பை மெல்ல உயர்த்திக்கொண்டு போவது எளிது, சூடேறிய அடுப்பை இறக்குவதுதான் கடினம்.

கங்குக்கும் கறிக்கும் இடையில் ஒரு அகன்ற தட்டில் தண்ணீர் வைக்கலாம். நீர் கொதித்துக்கொண்டே இருக்கும்வரை அது வெப்பத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும், சொட்டும் கொழுப்பு கங்கின்மேல் விழாமலும் காக்கும். நம்மூர்க் கரிமூட்டையில் தூசியும் பாதி வெந்த கட்டையும் கலந்தே வரும். சல்லடையில் சலித்துத் தூசியை நீக்காவிட்டால் காற்று அடைபடும், வேகாத கட்டையைப் பொறுக்கி எறியாவிட்டால் வெள்ளைப் புகை கிளம்பும். மலையடிவாரத்தில் காற்று திடீரென்று திசை மாறும். காற்றடிக்கும் பக்கத்துத் தகட்டை மூடிவிட்டு மற்ற இரண்டை மட்டும் பயன்படுத்துவது நல்லது. கடைசியாக, இரண்டு வெப்பமானிகள். ஒன்று அடுப்புக்கு, ஒன்று கறிக்குள் செருக. கோழியின் உள்வெப்பம் 74 டிகிரியைத் தொட்டுவிட்டால் கவலையில்லை. பெரிய ஆட்டுத்தொடை 70 டிகிரியை ஒட்டி மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். அடுப்பு அணைந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். கறியின் மேற்பரப்பில் நீர் ஆவியாகி அதைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது, நம் உடம்பு வியர்ப்பதைப் போல. அப்போது மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் இன்னும் தாமதமாகும்.

* * *

இவ்வளவையும் அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததாக எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சிகாகோவில் ஓர் இரும்புத் தொழிற்கூடத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன் 1952இல், கடல் மிதவை செய்யும் உருண்டைத் தகடுகளைக் கொண்டு மூடியுள்ள கரியடுப்பை உருவாக்கினார் என்பது உண்மை. மூடியும் காற்றுத்துளையும் சேர்ந்த அந்த வடிவத்தின் வழியில் வந்தவைதான் பிற்காலத்துப் புழக்கடை அடுப்புகளில் பல. ஆனால் காற்றைக் கொண்டு நெருப்பை ஆளும் கலை இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கங்களில் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் எப்போதோ முழுமை பெற்றுவிட்டது.

வெட்டிய சீமைக்கருவேலத் துண்டுகளைக் கூம்பாக அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, மேலே மண் பூசி, தீ வைத்துவிடுகிறார்கள். பிறகு நாட்கணக்கில் அந்த மூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். எங்கே புகை வெளுக்கிறது, எங்கே நீலமாகிறது, எங்கே மண் உள்வாங்குகிறது என்று பார்த்து, ஓரிடத்தில் துளை போடுகிறார்கள், இன்னோரிடத்தில் அடைக்கிறார்கள். காற்று கூடினால் மரம் சாம்பலாகிவிடும், குறைந்தால் மரம் மரமாகவே நின்றுவிடும். புகையின் நிறத்தைப் படித்து, காற்றை மட்டும் கூட்டிக் குறைத்து, உள்ளே நடப்பதை வெளியிலிருந்து நடத்துவது. நம் புழக்கடை அடுப்பு செய்வதும் இதேதான், சிறிய அளவில், மிகக் குறைந்த ஆபத்தோடு. நம் அடுப்பு தவறினால் ஒரு கோழி போகும். அவர்கள் மூட்டம் தவறினால் பல நாள் கூலி போகும்.

இங்கேதான் என் முதல் கேள்வி வருகிறது. மண்மூட்டத்தில் ஒரு கிலோ கரி கிடைக்க நாலைந்து கிலோ விறகு வேண்டும். நம் ஒரு பிற்பகல் விருந்துக்கு இருபது கிலோ விறகு வெட்டப்பட்டிருக்கிறது, அடுக்கப்பட்டிருக்கிறது, புகையில் நின்று காவல் காக்கப்பட்டிருக்கிறது. அதை யார் செய்தார்கள், என்ன கூலிக்கு? வட தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இக்கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம்வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்கள் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்த படம் பத்திரிகைகளில் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். இடையில் 43 ஆண்டுகள்.

ஜவ்வாது மலைக்கே வந்தால், 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழ்நாட்டு மரவெட்டிகளில் பலர் இந்த மலையையும் இதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்தவர்கள். செம்மரத்தை வாங்கியவர் யார் என்று யாருக்கும் தெரியாது, வெட்டியவர்களின் உடல்கள் மட்டும் ஊருக்கு வந்தன. செம்மரமும் அடுப்புக்கரியும் ஒன்றல்ல, அறிவேன். ஆனால் வெட்டுகிறவன் மட்டும் கண்ணில் படுவதும் வாங்குகிறவன் எங்கோ மறைந்திருப்பதும் இரண்டிலும் ஒன்றுதான்.

ஆகவே விருந்தினருக்காக 'மலைக்கட்டை கொஞ்சம் கொண்டுவரச் சொல்லுங்கள்' என்று கேட்பதை நான் எதிர்க்கிறேன். காப்புக்காட்டு மரத்தைச் சுமந்து வரும்போது பிடிபடுகிறவர் கேட்டவர் அல்ல, சுமந்தவர். நமக்கு வேறு வழி தாராளமாக இருக்கிறது. தென் மாவட்டங்களின் கண்மாய்களையும் தரிசுகளையும் ஆக்கிரமித்திருக்கும் சீமைக்கருவேலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டுவரப்பட்ட அயல்மரம். அகற்ற வேண்டும் என்று நீதிமன்றம்வரை பேசப்பட்டது. டெக்சாஸ்காரர்கள் பெருமையோடு புகையூட்டும் மெஸ்கீட் மரம் இதற்கு மிக நெருங்கிய உறவு என்பது ஒரு வேடிக்கை. அங்கே மணம், இங்கே சாபம். தேங்காய்ச் சிரட்டைக்கரி இன்னொன்று. சூடும் நன்று, மரமும் வெட்டப்படவில்லை. மணத்துக்கு, தோட்டத்தில் கவாத்து செய்த கொய்யாக் கிளையோ மாங்கிளையோ காயவைத்து எடுத்துக்கொள்ளலாம். அரளி நஞ்சு, தொடவே வேண்டாம். காட்டோரம் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடி, தைல மரம், வர்ணம் பூசிய மரம், ஒட்டுப்பலகை எல்லாம் விலக்கப்பட வேண்டியவை. கரிக்கடையில் விலை கேட்கும்போதே 'எந்த ஊர் மூட்டம்?' என்றும் கேளுங்கள். எல்லோரும் கேட்க ஆரம்பித்தால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் கடைக்காரருக்கு வரும்.

* * *

இரண்டாவது கேள்வி சமையலறையைப் பற்றியது. ஜவ்வாது மலையின் வானம் தெளிவானது. அதற்காகவே காவலூரில் 1968இல் வானாய்வு தொடங்கியது. 1986இல் அங்கே நிறுவப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இன்று வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தத் தெளிந்த வானத்துக்குக் கீழே, விறகடுப்பு எரியும் வீடுகளின் கூரை உட்புறம் கறுத்திருக்கிறது. பரணின் மேல் படிந்த அதே புகை, அடுப்பின் முன் உட்கார்ந்தவரின் நுரையீரலிலும் படிந்தது. பரணைப் பற்றி நெகிழ்ந்து எழுதுகிற நாம் இதை எழுதுவதில்லை. வீட்டுக்குள் எரியும் எரிபொருளின் புகையால் 2020இல் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

நெருப்பு வீட்டுக்குள் பெண்களின் பொறுப்பில் இருந்தவரை அது வேலை. புழக்கடைக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை ஆண்களின் கைக்கு மாறியதும் அது கலையாகிவிட்டது. ஓட்டை எத்தனை, வலை எத்தனை சாண், வெப்பம் எத்தனை டிகிரி என்று இப்போது இவ்வளவு கவனத்தோடு பேசுகிறோம். இதில் பத்தில் ஒரு பங்கு கவனத்தை அன்றாட அடுப்புக்கு யார் கொடுத்தார்கள்? கொடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் 1950களிலேயே புகைபோக்கியுள்ள மண்ணடுப்பை வடிவமைத்துப் பரப்பினார். 1980களில் அரசு மேம்பட்ட அடுப்புக்கென்று தேசியத் திட்டமே தொடங்கியது. கட்டிக்கொடுத்தவர்கள் போய்விட்டார்கள், குழாய் அடைத்தது, மண் விரிந்தது, பழுது பார்க்க ஆளில்லை. பல அடுப்புகள் கைவிடப்பட்டன. 2016இல் உஜ்வாலா திட்டம் வந்தது. இணைப்பு வந்தபின்னும் உருளை வாங்க முடியாமல் விறகுக்குத் திரும்பிய வீடுகள் நாடெங்கும் உண்டு.

புகையடுப்பின் பொறியியலும் புகையற்ற அடுப்பின் பொறியியலும் ஒன்றே என்பதுதான் நான் சொல்ல வருவது. விறகு தரையில் படாமல் தூக்கி நிறுத்தும் இரும்புச் சல்லடை. அதன் அடியில் காற்று நுழைய வழி. கூரைக்கு மேலே போய்த் திறக்கும் குழாய். காய்ந்த விறகு. நண்பரின் டிரம்முக்குக் கூடை பற்றவைக்கும் அதே பட்டறையில், அரை நாள் வேலையில், ஒரு சமையலறை அடுப்புக்குச் சல்லடையும் குழாயும் செய்துவிடலாம். வீட்டில் இன்னும் விறகடுப்பு எரிந்தால், அல்லது நம் வீட்டில் வேலை செய்பவரின் வீட்டில் எரிந்தால், முதல் சல்லடை அங்கே போகட்டும். மலையில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். புழக்கடையில் வெளியூர்க்காரருக்குப் புகை அனுபவம், சமையலறையில் சமைப்பவருக்குப் புகை நோய் என்பது விருந்தோம்பல் ஆகாது.

* * *

சில ஆட்சேபங்கள் வரும். 'மின்சாரத்தில் ஓடும் புகையடுப்பு இருக்கிறதே, மரத்தூள் குளிகையைக் கொட்டி வெப்பத்தைத் திருகிவிட்டால் தானே பார்த்துக்கொள்கிறதே' என்பார்கள். இருக்கட்டும், வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். ஆனால் அதன் மின்பலகை பழுதானால் உள்ளூரில் கைவைக்க ஆளிருக்காது. டிரம் பழுதானால் பக்கத்துப் பட்டறை போதும். எளிமைக்கு இதுவும் ஓர் அளவுகோல்.

'புகையூட்டிய இறைச்சி புற்றுநோய் தரும்' என்பது இன்னோர் ஆட்சேபம். இதை நான் மறுக்கவில்லை. புகையூட்டல் உட்படப் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. புகையிலுள்ள பென்சோபைரீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புகையூட்டிய இறைச்சியில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்று 2014இல் வரம்பைக் குறைத்தது. கொழுப்பு கங்கில் சொட்டாமல் தடுக்கும் தண்ணீர்த் தட்டும் மெல்லிய புகையும் அளவைக் குறைக்கும், இல்லாமலாக்கா. ஆகவே இது மாதம் ஒருமுறை உண்ணும் உணவாக இருக்கட்டும். மற்ற நாட்களில் கத்தரிக்காய், மக்காச்சோளம், பலாப்பிஞ்சு ஆகியவற்றுக்கும் அதே அடுப்பு போதும். புகையில் வாட்டிய கத்தரிக்காய்க்குச் சாமைச் சோறு நல்ல துணை.

மூன்றாவது ஆட்சேபத்தை யாரும் எழுப்புவதில்லை, நானே எழுப்புகிறேன். ஆபத்து. எரியும் கரி கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடைத் தருகிறது. குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கரியடுப்பை விடுதி அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்திகள் நம் மலைநகர்களிலிருந்தே வந்திருக்கின்றன. அடுப்பு வெட்டவெளியை விட்டு நகரக்கூடாது, அணைந்தது போலத் தோன்றினாலும் கூடாது. பிப்ரவரி முதல் மழை வரும்வரை மலையடிவாரம் காய்ந்த சருகால் ஆனது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அடுப்பைச் சுற்றிப் பத்தடி தரை பெருக்கி வெறுமையாக இருக்க வேண்டும். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் வேண்டும். காற்று பலமாக வீசும் நாளில் விருந்தைத் தள்ளிப்போட வேண்டும். சாம்பலுக்கு மூடியுள்ள இரும்பு வாளி வேண்டும். உள்ளே கங்கு ஒன்றிரண்டு நாள்கூட உயிரோடு கிடக்கும்.

செய்ய விரும்புகிறவர்கள் இந்த வரிசையில் செய்யலாம் என்பது என் பரிந்துரை. முதலில் சமையலறைக் குழாய். பிறகு கரி வரும் இடத்தைப் பற்றிய விசாரணை. அதன்பிறகு டிரம், ஓட்டை, கூடை, தட்டு. முதல் நாள் கறி எதுவும் வைக்காமல் அடுப்பை மூன்று மணி நேரம் வெறுமனே எரியவிட்டு, எந்தத் தகடு எவ்வளவு திறந்தால் வெப்பம் எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் அடுப்பின் உண்மையான கையேடு, வேறு எந்த அடுப்புக்கும் அது பொருந்தாது. மூடியை இறக்கி எல்லாத் தகடுகளையும் அடைத்துவிட்டால் மீதிக் கரி அணைந்து அடுத்த முறைக்கு மிஞ்சும். சாம்பல் நன்றாக ஆறியபின் கத்தரிச் செடிக்குக் கொஞ்சமாகத் தூவலாம்.